வாய்தா

இங்கே வந்த புதிதில் ஒருவர்
"கொஞ்சம் வெள்ளம் தாங்க" என்றபோது
சன்னல் வழியே குழித்துறை ஆற்றைப் பார்த்தேன்.
கரூர்க்காரி. எங்களுக்கு வெள்ளம் என்றால் வேறு.
இப்போது தெரியும். தெரிந்தும் தருவதில்லை,
கத்தி முடியும்வரை நாக்கு நனையக் கூடாது.

இரவு ஒன்பதேகால். ஞானாபரணம், எண்பத்தாறு;
ஆதாரில் எண்பத்திரண்டு.
முப்பது வருடம் வேட்டிக் கட்டுக்குள் மறைத்த குடலிறக்கம்
மதியச் சோற்றுக்குப் பின் உள்ளே போக மறுத்துவிட்டது.
என்ன சாப்பிட்டார்?
கிழங்கும் சாளைக்குழம்பும். "கொஞ்சந்தான்" என்கிறாள் மகள் லில்லிபுஷ்பம்.
பிஸ்கட் டப்பாவில் பதினோரு வகை மாத்திரை.
அதில் ஒன்று ரத்தத்தை நீர்க்க வைப்பது,
ஆகவே முதுகில் ஊசி இல்லை.
முழு மயக்கம்தான்.
இதயமோ ஒரு தாளத்தில் நிற்கவில்லை.

திருவனந்தபுரத்துக்கு அனுப்பிவிடலாம் என்றான் ஷாஜின்.
பிறகு அவனே,
களியக்காவிளையில் பாறைப்பொடி லாரிகள் நிற்கும், வேண்டாம் என்றான்.

"இந்த வயசில கீறணுமா?" மூத்தவன் ஜெபசிங்.
"எவ்வளவு செலவானாலும்" இளையவன், தோஹாவிலிருந்து,
போன் திரையில், மஞ்சள் தொப்பி கழற்றாமல்.
அவர்கள் பேசப் பேசப் பெரியவர்
ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.
சம்மதம் என்று எழுதிவிடத் தோன்றும் சிரிப்பு.
எழுதப் போனேன்.

காது மிஷின் எங்கே?
லில்லிபுஷ்பத்தின் கைப்பையில், பழைய பஸ் டிக்கெட்டுகளுக்கு நடுவே.
மாட்டினேன். ஒரு கீச்சொலி. சிரிப்பு நின்றது.
அப்போதுதான் அவர் அறைக்குள் வந்தார்.

குடல் அழுகத் தொடங்கியிருக்கலாம் என்றேன்.
கீறினால், உங்களைப் போல் பத்துப் பேரில்
மூன்று பேர் வீடு திரும்புவதில்லை.
கீறாவிட்டால் பத்துப் பேரும்.

விரல்விட்டு எண்ணினார். பத்தை அல்ல, கிழமையை.
"வியாளாச்ச நெய்யாற்றங்கரயில எனக்க கேஸு இருக்கு, மக்ளே.
நான் போவண்டாமா?"

பாறசாலைப் பக்கம் மூன்றரை செண்ட்.
இருபத்தேழு வருட வழக்கு. எதிரி செத்து எட்டு வருடம்.
பேனாவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்திட்டு
அடியில் தேதியும் போட்டார்.

பாதி மருந்து.
கையிலிருந்து மூளைக்கு அரை நிமிடம் என்கிறது புத்தகம்.
எண்பத்தாறில் மருந்து நடந்துதான் போகும்.
அந்த இடைவெளியில் கட்டைவிரல் துறுதுறுக்கும்:
இன்னும் கொஞ்சம் தள்ளு.
தள்ளியவர்கள் கதை தெரியும்.
ஒருமுறை நானே.
காத்திருந்தேன்.
இமை விழுந்தது, கூடவே பிரஷரும்:
எழுபது. அறுபத்துநாலு.
பிறகு, கெஞ்சக் கெஞ்ச, தொண்ணூறு.
காது மிஷின் என் சட்டைப் பையில் இருந்தது.

ஒன்றேகால் சாண் குடல், கருநீலம்.
ஷாஜின் அதைக் கழித்து
சிவப்பைச் சிவப்போடு சேர்த்தான்.

மூன்றாம் இரவு மூக்குக் குழாயைப் பிடுங்கினார்.
சிஸ்டர் செலின்ரோஸை "கனம் கோர்ட்டார் அவர்களே" என்றார்.
கையைக் கட்டலாமா என்று கேட்டார்கள்.
வேண்டாம்.
மிஷினை மாட்டினேன். கண்ணாடி. பல்செட்.
விளக்கைப் போட்டுவிட்டுப் படிவத்தை எடுத்தேன்.

என்ன கிழமை?
"வியாளாச்சைக்கு மொதல் நாளு."
எந்த ஊர்?
"குழித்துற."
எந்த மாநிலம்?
யோசித்தார். என்னைப் பார்த்து இரக்கப்பட்டார்.
"திருவிதாங்கூர்."

அவருக்குப் பதினெட்டு ஆகும்வரை அதுதான் சரியான விடை.
இந்தக் கட்டில் நகராமல்
எல்லை மட்டும் நகர்ந்துபோனதற்கு
அவர் மூளையை எப்படிக் குறை சொல்ல?
அரை மார்க் போட்டேன். படிவத்தில் அரை கிடையாது.

வியாழன் காலை. சிறுநீர் மணிக்கு முப்பத்தைந்து மில்லி.
ஜெபசிங்கின் போனில் வக்கீல்:
நீதிபதி லீவு, ஆகஸ்ட் பதினொன்றுக்குத் தள்ளியாச்சு.
ஞானாபரணம் தலையாட்டினார்,
கோர்ட்டை அறிந்தவர்.

பிறகு என்னிடம்:
"கொஞ்சம் வெள்ளம்."

ஷாஜினைப் பார்த்தேன்.
ஒரு ஸ்பூன் என்றான்.
கொடுத்தேன். இருமல் வருகிறதா என்று
தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்து,
இன்னொன்று.